கோலும் விரலும் தூரிகையும்: மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவரிடையே பல்துலக்கித் தூய்மை பற்றிய விழிப்புணர்வு – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழர் வாழ்வியலில் பல் துலக்குதல் பற்றிய செய்திகள் அறநூல்களிலும் மருத்துவ மரபிலும் பழமொழிகளிலும் பரவலாகக் கிடைக்கின்றன. எந்த மரத்தின் குச்சி நல்லது, எப்பொழுது துலக்க வேண்டும், துலக்கிய பின் செய்ய வேண்டுவன யாவை என்பன பற்றியெல்லாம் நம் முன்னோர் சொல்லிவைத்துள்ளனர். ஆனால் பல்லைத் துலக்கும் கருவியையே எவ்வாறு தூய்மையாகப் பேணுவது என்பது பற்றிய குறிப்பை அம்மரபில் காண்பது அரிது. இந்த இன்மை கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கருவியின் இயல்பால் நேர்ந்தது. குச்சி ஒரு முறை பயன்பட்டு எறியப்படுவது. எறியப்படும் பொருளைப் பேணுவதற்கு விதி தேவையில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குச்சியிலிருந்தும் விரலிலிருந்தும் பல்துலக்கித் தூரிகைக்கு மாறினர். அந்த மாற்றம் பெரிதும் பள்ளிக்கூடத்தின் வழியே நிகழ்ந்தது. பள்ளி பல் துலக்கும் முறையைக் கற்பித்தது. துலக்கிய பின் தூரிகையை என்ன செய்வது என்பதை அந்த அளவிற்குக் கற்பிக்கவில்லை. இன்று மாணவரிடையே பல்துலக்கியின் தூய்மை, கிருமிநீக்கம் ஆகியன பற்றிய விழிப்புணர்வு குறைவு என்று பேசப்படும்போது, அக்குறையின் வேர் இம்மாற்றத்தில் இருப்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எறியப்படும் கோல்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, காலைக் கடன்களுள் ஒன்றாகப் பல் துலக்குதலைக் குறிப்பிடுகிறது. அங்குக் கருவியின் பெயர் 'கோல்'. செயலின் பெயர் 'தின்னுதல்'. மென்று பயன்படுத்தப்படும் பொருள் என்பதை இவ்விரு சொற்களுமே காட்டிவிடுகின்றன. சரக சங்கிதை, சுசுருத சங்கிதை ஆகிய ஆயுர்வேத நூல்களும் நுனியை மென்று மென்மையாக்கிய குச்சியையே கூறுகின்றன. கருங்காலி, வேம்பு, புங்கு, மருது முதலிய மரங்கள் அந்நூல்வழி மரபில் இடம்பெறுகின்றன. ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதி தருவனவாகக் கூறும் பழமொழி, தமிழ் பேசும் நாடெங்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பழமொழிகளுள் ஒன்றாக இன்றும் விளங்குகிறது.

குச்சியைப் பயன்படுத்திய பின் அதன் நிலை என்ன என்பதற்குத் தெளிவான சான்று, தென்கிழக்காசியாவோடு தொடர்புடைய ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. சீனப் பௌத்தத் துறவியாகிய இ-சிங் 671ஆம் ஆண்டில் கடல்வழியாகப் புறப்பட்டு, சுமத்திராத் தீவிலிருந்த ஸ்ரீவிஜயத்தில் தங்கி, பின் இந்தியா சென்று நாளந்தாவில் பயின்றவர். பிற்காலத்தில் முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'ஸ்ரீவிசயம்' எனக் குறிக்கும் அதே நாட்டிற்குத் திரும்பி வந்து, தாம் கண்ட துறவியர் ஒழுகலாறுகளை நூலாக எழுதி 692ஆம் ஆண்டில் சீனத்திற்கு அனுப்பினார். அந்நூலில் பற்குச்சிக்கெனத் தனி இயலே உண்டு. குச்சி பன்னிரண்டு விரல் அளவு நீளமிருக்க வேண்டும். அதன் ஒரு முனையை மென்று பல் துலக்க வேண்டும். பின் அதைப் பிளந்து வளைத்து நாக்கை வழிக்க வேண்டும். இறுதியில் கழுவி எறிந்துவிட வேண்டும் என்கிறார் அவர். எறிவதற்கு முன் விரலை நொடித்தோ இருமியோ பிறரை எச்சரிக்க வேண்டும் என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. எறியப்போகும் குச்சியையும் கழுவ வேண்டும் என்றும், எறியும்போதும் பிறர்மேல் படலாகாது என்றும் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. வாயில் பட்ட பொருள் பிறருக்குத் தீங்கு தரக்கூடும் என்னும் உணர்வு அக்காலத்தே நன்கு வேரூன்றியிருந்தது என்பது இதனால் பெறப்படுகிறது. ஆனால் அவ்வுணர்வு, எறிதல் என்னும் செயலோடு முடிவுற்றது. மறுநாள் புதிய குச்சி; புதிய நுனி.

தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் மிஸ்வாக் இதிலிருந்து சிறிது வேறுபடுகிறது. உகா மரத்தின் வேரிலிருந்தோ கிளையிலிருந்தோ எடுக்கப்படும் அக்குச்சி பல நாள்கள் பயன்படுத்தப்படுகிறது. நுனி நைந்தவுடன் அதை நறுக்கிவிட்டுப் புதிய பகுதியை மென்று கொள்வர். ஆக, பேணப்படும் கருவிக்குரிய ஒரு விதி, அதாவது தேய்ந்த பகுதியை நீக்குதல், தமிழ் பேசுவோரிடையே இம்மரபு ஒன்றில் இருந்திருக்கிறது. பல்துலக்கியைக் குறித்த கால இடைவெளியில் மாற்ற வேண்டும் என்னும் இக்கால அறிவுரைக்கு நம் பண்பாட்டிலிருந்தே எடுத்துக்காட்டு வேண்டின், இதனைச் சுட்டலாம்.

3. விரலும் பொடியும்

இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழர் வேப்பங்குச்சியை எல்லா இடத்தும் பெற இயலவில்லை. அடுப்புக்கரி, சாம்பல், உமிக்கரி, உப்பு, செங்கல் தூள் ஆகியனவே தோட்டத்து வரிசை வீடுகளில் வழங்கின. கருவி சுட்டுவிரல். வீடுகளுக்குப் பொதுவான நீர்க்குழாயடியில் விடியற்காலையில் பலர் கூடி நின்று பல் துலக்கியதைத் தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்கின்றனர். பின்னர்க் கடையில் விற்கும் பற்பொடி வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் ஒலித்த பற்பொடி விளம்பரங்கள் அத்தலைமுறையினரின் காதுகளில் இன்னும் நிற்கின்றன.

பொடி மாறினும் விரல் மாறவில்லை. விரல் உடலின் உறுப்பு. கை கழுவும்போதே அதுவும் தூய்மையாகிறது. அதை வைப்பதற்கு இடம் தேட வேண்டியதில்லை. ஒருவர் விரலை மற்றொருவர் பயன்படுத்துவதும் இல்லை. கரியும் செங்கல் தூளும் பல்லின் மேற்பரப்பைத் தேய்த்துவிடும் என்பது உண்மையே. எனினும் கருவித் தூய்மை என்ற ஒரு கோணத்தில் மட்டும் நோக்கின், கோலைப் போலவே விரலும் சிக்கலற்ற கருவியாகும்.

4. பேணப்படும் தூரிகை

பன்றிமயிரைக் கைப்பிடியில் பதித்துப் பல் துலக்கும் வழக்கம் சீனத்தில் தொன்மையானது. ஐரோப்பாவில் 1780ஆம் ஆண்டளவில் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் ஆடிஸ் அத்தகைய தூரிகையைப் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியதாகக் கூறுவர். விலங்கு மயிர் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைக்கும், விரைவில் உலராது. புலால் மறுத்தோர்க்கும் முஸ்லிம்களுக்கும் பன்றிமயிர் ஒவ்வாதது என்பதும், அத்தூரிகை நம்மவரிடையே எளிதில் பரவாமைக்கு ஒரு காரணமாகக் கருதத்தக்கது.

மயிர்த் தூரிகை நோயைக் கடத்தக்கூடும் என்னும் அச்சம் முதல் உலகப் போர்க்காலத்தில் வலுப்பெற்றது. முறையாகத் தூய்மை செய்யப்படாத மயிரால் ஆன சவரத் தூரிகைகள் வழியே பிரித்தானிய, அமெரிக்கப் படையினர் சிலருக்கு ஆந்த்ராக்ஸ் நோய் தொற்றியது. 1920ஆம் ஆண்டில் பாஸ்டன் மருத்துவ இதழொன்றில், வாயில் மீண்டும் மீண்டும் தோன்றும் தொற்றுகளுக்குப் பல்துலக்கியே காரணமாகலாம் என்னும் கருத்தைக் காப் என்னும் மருத்துவர் வெளியிட்டார். பல்துலக்கித் தூய்மை பற்றிய ஆய்வுகளின் வரலாற்றில் முதலில் சுட்டப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழையாலான பல்துலக்கி விற்பனைக்கு வந்தது. நைலான் விரைவில் உலரும், விலங்கின் பொருளன்று, விலையும் காலப்போக்கில் குறைந்தது. மலாயாவின் தோட்டத்துக் கடைகள் வரை பல்துலக்கி பரவியதற்கு இம்மூன்று காரணங்களும் துணைசெய்தன எனலாம்.

கோல் எறியப்படுவது, விரல் உடலோடு இருப்பது, தூரிகையோ நாள்தோறும் வாய்க்குள் சென்று, ஈரத்தோடு வெளிவந்து, அடுத்த முறை வரை எங்கோ வைக்கப்படுவது. 'எங்கே, எப்படி வைப்பது?' என்ற வினா தமிழ்ப் பிள்ளையின் வாழ்வில் முதன்முதலாக எழுந்தது இப்பொழுதுதான்.

5. பள்ளிக்குள் வந்த பல்துலக்கி

மலாயாக் கூட்டரசு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல இவ்வாறு தோன்றின. சுகாதாரக் கல்வி அங்கு ஆசிரியரின் காலை நேரச் சோதனையாக இருந்தது: நகம், தலைமுடி, பல், உடை.

மற்றொரு புறம், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாதியர் வழியே பற்சிகிச்சை அளிக்கும் திட்டத்தை நியூசிலாந்து 1921ஆம் ஆண்டில் தொடங்கியிருந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு 1949ஆம் ஆண்டில் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டில் பள்ளிப் பல் மருத்துவச் சேவை தொடங்கியது. இவ்வாறு பயிற்சி பெற்ற தாதியர், பள்ளிக்கே வந்து பல்லைச் சோதித்து, துலக்கும் முறையையும் கற்பித்தனர்.

1970களில் சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் ஒவ்வொருவரும் குவளையும் பல்துலக்கியும் கொண்டுவந்து, கால்வாய் ஓரத்தில் வரிசையாகக் குந்தி அமர்ந்து, ஆசிரியரின் கட்டளைக்கேற்பப் பல் துலக்கினர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடின்றி ஒரு தலைமுறையே பகிர்ந்துகொள்ளும் நினைவு அது. மலேசியப் பள்ளிகளிலும் பல் துலக்கும் பயிற்சி வழக்கமாயிற்று. பல்லின் வெளிப்புறம், உட்புறம், கடிக்கும் பரப்பு என்று கையின் அசைவு வரிசைமுறையில் கற்பிக்கப்பட்டது. இப்பயிற்சிகளின் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. விரலால் கரி தேய்த்த பெற்றோரின் பிள்ளைகள் பற்பசையும் தூரிகையும் கொண்டு நாள்தோறும் துலக்கும் பழக்கத்தைப் பெற்றது இவ்வழியேதான்.

எனினும் பயிற்சி முடிந்த அடுத்த நொடியில் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். இக்கட்டுரையாளர் 1970களில் பேராக் மாநிலத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பயின்றவர். தாதியர் தந்து சென்ற தூரிகைகளில் ஆசிரியை பிளாஸ்திரித் துண்டை ஒட்டி எங்கள் பெயர்களை எழுதினார். வாரம் ஒரு முறை குழாயடியில் துலக்கினோம். பின் நாற்பது தூரிகைகளும் ஈரத்தோடு பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றில் அடுக்கப்பட்டு, பல்லி, கரப்பான் புகாதபடி மூடி இறுக்கி வைக்கப்பட்டன. அடுத்த வாரம் பெட்டியைத் திறக்கும்போது எழும் நாற்றம் இன்றும் நினைவில் உள்ளது. பிளாஸ்திரி ஊறிப் பெயர் அழிந்துவிடும். கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வோம். ஆசிரியை அன்பானவர், அவர் கற்பிக்கப் பெற்றதைக் குறைவின்றிச் செய்தவர். பெட்டியை மூடியது பிள்ளைகள் நலம் கருதியே. ஈரப் பொருளை மூடிவைத்தால் நுண்ணுயிரிகள் பெருகும் என்பதும், இழைகள் ஒன்றோடொன்று உரசினால் ஒருவர் வாயிலுள்ளது மற்றவர் தூரிகைக்குச் செல்லும் என்பதும் அவருக்குத் தரப்பட்ட பாடத்தில் இடம்பெறவில்லை.

6. சொல்லும் எச்சிலும்

பாடத்தில் மட்டுமன்று, மொழியிலும் இவ்விடைவெளி தென்படுகிறது. பல் துலக்குதல், விளக்குதல், தேய்த்தல் என்பன தமிழகத்திலும் மலேசியாவிலும் வழங்கும் வினைகள். இலங்கைத் தமிழில் தீட்டுதல், மினுக்குதல் என்பனவும் உண்டு. இவை பாத்திரத்திற்கும் கத்திக்கும் உரிய சொற்களே. பல் என்பது தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டிய பொருள் என்னும் கருத்தே இவை அனைத்திற்கும் அடிப்படை. தூரிகையைக் கழுவி, உதறி, நிறுத்தி, உலர்த்தும் செயலுக்கு இத்தகைய ஒரு தனிச்சொல் நம்மிடம் உருவாகவில்லை.

ஆனால் ஒரு வலிமையான சொல் உண்டு. அது 'எச்சில்'. வாய் பட்ட பொருள் பிறர்க்காகாது என்பதைத் தமிழ்ப் பிள்ளை யாரும் கற்பிக்காமலே அறிந்துகொள்கிறது. பல்துலக்கியைப் பிறரோடு பகிரலாகாது என்னும் முதன்மையான விதியை இக்கருத்து காலந்தோறும் காத்து வந்திருக்கிறது. ஆயினும் இதற்கு இரண்டு வரம்புகள் உள்ளன. முதலாவது, குடும்பத்திற்குள் எச்சில் உணர்வு தளர்ந்துவிடுகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும், உடன்பிறந்தோர்க்கும் இடையே அது தடையாக நிற்பதில்லை. ஒரே குவளையில் வீட்டார் அனைவரின் தூரிகைகளும் இழை உரசி நிற்பதை யாரும் எச்சிலாகக் கருதுவதில்லை. இரண்டாவது, தன் எச்சில் தனக்குத் தீட்டில்லை. ஆகவே தன் தூரிகை எவ்வளவு நாள் ஈரமாகக் கிடந்தாலும் அது குறித்த கவலை எழுவதில்லை. எச்சில் என்பது 'யாருடையது' என்னும் வினாவிற்கு விடை தருகிறது. 'எந்நிலையில் உள்ளது' என்னும் வினாவிற்கு விடை தருவதில்லை.

சிங்கப்பூரில் தமிழ்வழிக் கல்வி நலிந்து, கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியாகிய உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதன் பின் அங்குள்ள தமிழ் மாணவர் சுகாதாரத்தை ஆங்கிலத்திலேயே கற்கின்றனர். பள்ளியில் கேட்ட நுண்ணுயிரிக் கருத்தும் வீட்டில் பாட்டி சொல்லும் எச்சில் கருத்தும் ஒன்றையொன்று சந்திப்பதற்கு உரிய மொழிக்களம் இதனால் குறுகிவிட்டது.

7. கிருமிநீக்கம்: தேவையும் மிகையும்

அண்மை ஆண்டுகளில் பல்துலக்கித் தூய்மை பற்றி மாணவரிடையே வினாநிரல் வழி ஆய்வுகள் பல நடைபெறுகின்றன; குறிப்பாகத் தமிழகப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இவை மிகுதி. தூரிகையை எத்தனை மாதத்திற்கொரு முறை மாற்றுகிறீர்கள், குளியலறையில் வைக்கிறீர்களா, மூடியிட்டு வைக்கிறீர்களா, கிருமிநீக்க முறைகளை அறிவீர்களா என்பன இத்தகைய ஆய்வுகளில் கேட்கப்படும் வினாக்கள். குளோர்ஹெக்சிடின் கரைசல், சோடியம் ஹைப்போகுளோரைட், புற ஊதாக் கதிர்க் கருவி முதலியன தூரிகையிலுள்ள நுண்ணுயிரிகளைக் குறைக்கின்றன என்பது ஆய்வகத்தில் நிறுவப்பட்டதே.

ஆயின் நுண்ணுயிரி குறைகிறது என்பதும் நோய் குறைகிறது என்பதும் ஒன்றல்ல. நலமுள்ள ஒருவர் தம் தூரிகையையே பயன்படுத்துவதால் அவருக்குத் தொற்று ஏற்பட்டது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்களின் நிலைப்பாடு. நாள்தோறும் கிருமிநாசினியில் ஊறவைப்பதை அவை வேண்டப்படுவதாகக் கூறவில்லை. அவை கூறும் அறிவுரைகள் எளியன: பல்துலக்கியைப் பகிரலாகாது, துலக்கிய பின் குழாய்நீரில் நன்கு அலச வேண்டும், நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலரவிட வேண்டும், பிற தூரிகைகளோடு உரசலாகாது, வழக்கமாக மூடிவைக்கலாகாது, மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை, இழை வளைந்துவிட்டால் அதற்கு முன்பே, மாற்ற வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர்க்கே கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குழுவாகத் துலக்கும் பள்ளிகளில் ஒவ்வொரு தூரிகையிலும் பெயர் இருத்தலும், பற்பசைக் குழாயின் வாய் தூரிகைகளில் படாதபடி பசையைத் தனித்தனியே தருதலும் வலியுறுத்தப்படுகின்றன.

இவற்றை நோக்கும்போது ஒரு கருத்து புலனாகிறது. கிருமிநீக்கக் கரைசலின் பெயரை அறிந்த மாணவரை விழிப்புணர்வு உடையவர் என்றும் அறியாதவரை இல்லாதவர் என்றும் வகுப்பது வரலாற்று நோக்கிலும் நடைமுறை நோக்கிலும் பொருந்துவதன்று. நாற்பது தூரிகைகள் இருந்த அந்தத் தகரப்பெட்டிக்குத் தேவைப்பட்டது கிருமிநாசினி அன்று. துளையிட்ட ஒரு பலகையும், அழியாத மையும், சாளரத்தின் ஓரமும்தான். வாங்கும் வசதியில்லாத ஒரு வீட்டுப் பிள்ளையிடம் கரைசலைப் பற்றிப் பேசினால், தூய்மை என்பது காசுள்ளோர்க்குரியது என்ற எண்ணமே அதன் மனத்தில் பதியும். அலசுதல், நிறுத்துதல், உலர்த்துதல், பிரித்து வைத்தல், மாற்றுதல் ஆகியவற்றுள் கடைசி ஒன்றைத் தவிர எதற்கும் பணம் தேவையில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• தமிழ் மரபில் பற்கருவித் தூய்மைக்கான விதிகள் அரிதாக இருப்பது அறியாமையால் அன்று. கோல் எறியப்படுவதும் விரல் உடலோடு இருப்பதுமே அதற்குக் காரணம்.

• மலாயா, சிங்கப்பூர்ப் பள்ளிகள் தூரிகையைப் பிள்ளைகளின் கையில் தந்து துலக்கும் முறையைக் கற்பித்தன. தூரிகையைப் பேணும் முறை அதே அளவிற்குக் கற்பிக்கப்படவில்லை. இன்றைய விழிப்புணர்வுக் குறை இவ்விடைவெளியின் தொடர்ச்சியே.

• எச்சில் என்னும் கருத்தைப் பழமை என ஒதுக்காமல், அதைத் தொடக்கமாகக் கொண்டு 'பிறர் எச்சில் மட்டுமன்று, தன் தூரிகையின் ஈரமும் கவனத்திற்குரியது' என விரித்துக் கற்பிக்கலாம்.

• விழிப்புணர்வை அளக்கும் ஆய்வுகள் உலர்த்துதல், பிரித்து வைத்தல், மாற்றுதல் ஆகியவற்றை முன்னும், கிருமிநீக்கக் கரைசல்களைப் பின்னும் வைத்து வினாக்களை அமைத்தல் நன்று.

மலேசியாவில் இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. அவற்றின் பாலர் வகுப்புகளில் பல் துலக்கும் பாடம் பல்லோடு முடிந்துவிடாமல், தூரிகை நிமிர்ந்து நின்று உலரும் இடம்வரை சென்று முடியுமாயின், கோலிலிருந்து தூரிகைக்கு மாறியபோது விடுபட்டுப்போன பாதிப் பாடம் நிறைவுபெறும். எறியும் குச்சியையும் கழுவி எறிந்த முன்னோரின் வழிவந்தோர்க்கு, வைத்திருக்கும் தூரிகையைக் கழுவி உலர்த்துவது புதிய ஒழுக்கமன்று. பழைய ஒழுக்கத்தின் நீட்சியே ஆகும்.